பழம் பொய்த்த வருசத்துக் கரடி

அந்த வருசம் கனடாவில், சட்பரிப் பக்கம் புளூபெரி பொய்த்துப்போனது. பூ விரிந்திருந்த நேரம் பார்த்து ஒரு பின்பனி விழுந்து கருக்கியது. தப்பிப் பிடித்த காயை ஜூலை வெயில் சுட்டது. வழமையாக ஆடி பிறந்ததும் நெடுஞ்சாலை ஓரத்தில் வாளியும் கூடையுமாகக் குந்தியிருந்து பழம் விற்கிறவர்களைக் காணவில்லை. அவர்களுக்குப் பதிலாகக் கரடிகள் வந்தன. முதல்நாள் இரவே குப்பைவாளியை வெளியே வைத்த வீடுகளில் விடியும்போது வாளி கவிழ்ந்து கிடந்தது. எங்கள் தெருவில் ஒருவர் பின்வளவில் நட்டிருந்த குருவித்தீனிக் கம்பம் அடியோடு வளைந்திருந்தது. பள்ளிக்கூடம் ஒன்றின் வளவுக்குள் மரத்தில் ஏறி ஒன்று குந்தியிருப்பதாக வானொலியில் சொன்னார்கள்.

ஊர்ச்சனம் கரடி பெருகிவிட்டது என்றது. பெருகவில்லை. இருந்த கரடிகளுக்குச் சாப்பாடு இல்லை, அவ்வளவுதான். ஒன்ராறியோ மாகாணத்தில் 85,000 முதல் 105,000 வரை கருங்கரடிகள் இருப்பதாக அரசு மதிப்பிடுகிறது. அவற்றில் பெரும்பாலானவை மனிதர் கண்ணில் படாமலே வாழ்ந்து முடிக்கின்றன. காட்டில் பழம் இருக்கிற வருசம் கரடிக்கு எங்களுடைய குப்பைவாளி தேவையில்லை.

சட்பரிக்கும் புளூபெரிக்கும் உள்ள உறவு ஒரு விசித்திரமான கதை. 1883இல் பசிபிக் ரயில்பாதை போட வந்தவர்கள் பாறையை உடைத்தபோது செம்பும் நிக்கலும் கிடந்தன. அதன்பின் பத்தாண்டுக் கணக்கில், தோண்டிய கல்லை விறகு அடுக்கின்மேல் குவித்து, திறந்தவெளியில் மாதக்கணக்காக எரிய விட்டார்கள். கந்தகப் புகை போன இடமெல்லாம் மரம் செத்தது, மண் கழுவுண்டது, குன்றுகள் கறுத்த மொட்டைப் பாறைகளாக நின்றன. 1972இல் 381 மீற்றர் உயரத்துக்கு ஒரு புகைபோக்கி கட்டிப் புகையைத் தூரத்துக்கு அனுப்பினார்கள். 1978இல் சுண்ணாம்பு தூவி மரம் நடத் தொடங்கி, இன்றைக்கு ஒரு கோடிக்கு மேல் நட்டாகிவிட்டது. ஆனால் யாரும் நடாமலே, அந்தப் புளிப்பு ஏறிய மண்ணை விரும்பி, நிழலில்லாத குன்றுகளில் தானாகப் பரவியது புளூபெரிதான். நான் அங்கே உருக்காலை வேலைக்குப் போன காலத்தில் வேலை முடிந்து திரும்பும் வழியில் காரை ஓரங்கட்டிவிட்டு ஒரு கோப்பை நிறையப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அதே குன்றில் சற்றுத் தள்ளி ஒரு கரடியும் தன் பாட்டுக்கு மேய்ந்துகொண்டு நிற்கும்.

எனக்குக் கரடி வேட்டை சொல்லித்தந்தவர் ஓய்வுபெற்ற ஒரு சுரங்கத் தொழிலாளி. பிரெஞ்சு பேசுகிற குடும்பம். எங்கள் தெருவில்தான் இருந்தார். மனைவி இறந்தபின் தனியே சமைத்துத் தின்கிறவர். எங்கள் வீட்டு மாட்டுக்கறிக்குழம்பு ஒரு கிண்ணம் போனதில் தொடங்கிய பழக்கம் அது. கிண்ணம் திரும்பி வரும்போது அதற்குள் மூஸ் இறைச்சி இருந்தது. அவரைக் கிழவர் என்றே எழுதுகிறேன். நேரில் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"கரடி எங்கே நிற்கும்?" என்று கேட்டால் கிழவர் பதில் சொல்லமாட்டார். "இப்ப என்ன பழுத்திருக்கு?" என்று திருப்பிக் கேட்பார். அதுதான் அவருடைய முழுப் பாடமும். குகையை விட்டு வெளியே வரும் வசந்தத்தில் இளம்புல், ஆஸ்பன் மரத்துத் துளிர். ஜூனில் உக்கிய மரக்குற்றிகளைப் புரட்டி எறும்பும் அதன் முட்டையும். ஜூலைக் கடைசியில் இருந்து ஓகஸ்ட் முடிய புளூபெரியும் ராஸ்பெரியும். செப்டம்பரில் காட்டு ஹேசல் கொட்டையும் ஓக் கொட்டையும். குளிருக்குள் படுக்கப்போகும் முன் ஒரு நாளைக்கு 20,000 கலோரிவரை தின்னவேண்டிய மிருகம் அது. அதற்கு வேறு யோசனைக்கு நேரம் இல்லை. கரடியைத் தேடாதே, அதன் சோற்றைத் தேடு என்பார்.

இந்தப் பாடம் எனக்கு முற்றிலும் புதிதல்ல. நான் பிறந்தது வன்னியில், முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கிட்ட. அங்கே ஆனி, ஆடியில் பாலைப்பழம் பழுக்கும். பழத்துக்குக் காட்டுக்குள் போகிற எங்களுக்கு ஐயா சொல்லி அனுப்புவது ஒன்றே ஒன்று: பாலைமரத்தடிக்குப் போகுமுன் நிமிர்ந்து மேலே பார். மேலே கரடி இருக்கலாம். எங்கள் ஊர்க் கரடி, சடைமயிரும் நீண்ட நகமுமாக, திடுக்கிட்டால் ஓடாமல் மனிதன் முகத்தைத்தான் தேடி வரும். தேன் எடுக்கப் போய் ஒரு கண்ணையும் கன்னத்தையும் இழந்த ஒருவர் எங்கள் ஒழுங்கையில் இருந்தார். யானைக்குக்கூட வழிவிட்டு நிற்கலாம், கரடிக்கு முன்னால் போய் முட்டுப்பட்டால் கதை முடிந்தது என்பது ஊரார் முடிவு. அதனால் வன்னியில் வேட்டைக்காரர் மரைக்கும் பன்றிக்கும் போவார்கள். கரடிக்கு என்று யாரும் துவக்கு தூக்கிக்கொண்டு போய் நான் கண்டதில்லை.

கனடாக் கருங்கரடி வேறு சாதி. கூச்ச சுபாவம். மனித வாடை பட்டால் சருகு சத்தம்கூடக் கேட்காமல் மறைந்துவிடும். ஆபத்தே இல்லாதது என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதைச் சுடுவதில் உள்ள கஷ்டம் தைரியம் சம்பந்தப்பட்டதல்ல. அதைக் காண்பதுதான் கஷ்டம்.

துவக்கு வைத்திருக்க உரிமம் எடுக்கவேண்டும்; அதற்கு ஒரு பாதுகாப்புப் பயிற்சியும் பரீட்சையும். வேட்டைக்குத் தனியாக இன்னொரு படிப்பு, இன்னொரு பரீட்சை. பிறகு வேட்டைக்கான அட்டை, பிறகு கரடிக்கென்று ஓர் அனுமதிச்சீட்டு, ஒருவருக்கு ஒரு கரடி. பயிற்சி வகுப்பில் இருந்த பதினெட்டு வயதுப் பெடியங்கள் நடுவில் நரைவிழுந்த தமிழன் நான் ஒருத்தன். விண்ணப்பப் படிவத்தை நிரப்பும்போது கை சற்றுத் தயங்கியது உண்மை. என் வயதுத் தமிழனுக்கு, துவக்கு வேண்டும் என்று ஓர் அரசாங்கத்துக்குத் தன் பெயரையும் விலாசத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது சாதாரணக் காரியம் அல்ல.

துவக்கைக் கிழவர்தான் விற்றார். .303 லீ-என்பீல்ட். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ரொறன்ரோவை ஒட்டிய லோங் பிராஞ்ச் ஆலையில் செய்தது. போர் முடிந்தபின் மிஞ்சியவற்றை மலிவாக விற்றார்கள். அவற்றின் நீண்ட மரக்கவசத்தை அறுத்துச் சுருக்கி மூஸ் வேட்டைக்கு எடுத்துக்கொண்ட குடும்பங்கள் வடக்கில் ஏராளம். வடதுருவப் பக்கம் காவல் பார்க்கும் கனடிய ரேஞ்சர்களே, 2018இல் புதிது வரத் தொடங்கும்வரை, இதைத்தான் தோளில் போட்டிருந்தார்கள். நான் இதை முதலில் கண்டது மாங்குளத்தில், பொலிஸ்காரர் ஒருவரின் தோளில். சின்ன வயதில் 'த்ரீ நோட் த்ரீ' என்று சொல்லி அதைப் பார்த்து ஒதுங்கி நடந்திருக்கிறோம். கிழவரின் கராஜில் அதைக் கையில் வாங்கியபோது தெரிந்தது, இவ்வளவு பாரமா என்பதுதான். பின்னால் ஒரு சிறு வளையம், முன்னால் ஒரு குறிமுள், தொலைநோக்கி கிடையாது. பூட்டை முன்னுக்குத் தள்ளும்போதுதான் விசை ஏறும். அந்த இறுக்கம் உள்ளங்கையில் தெரியும். மெழுகுக்கடதாசித் தட்டில் ஐம்பது மீற்றரில் அடித்துப் பழகினேன். எழுபதுக்கு மேல் சுடமாட்டேன் என்று கிழவர் என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்.

வடக்கில் பலர் கரடிக்குத் தீனி வைத்துத்தான் சுடுகிறார்கள். ஒரு பீப்பாயில் ஓட்ஸ், பழைய பொரித்த எண்ணெய், பழுதான டோனற்; பக்கத்து மரத்தில் இருக்கை. சட்டம் அதை அனுமதிக்கிறது. தெற்கில் இருந்து பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தச் சுளிப்பு முழுக்கச் சரியாகப் படவில்லை. பீப்பாயடியில் நிற்கும் கரடியை நிதானமாகப் பார்க்கலாம். ஆணா, பெண்ணா, பின்னால் குட்டி வருகிறதா என்று நிச்சயம் செய்யலாம். பீப்பாயின் உயரத்தோடு அதன் முதுகை ஒப்பிட்டுப் பருமனைக் கணக்கிடலாம். குட்டிகள் அநாதையாகின்றன என்ற எதிர்ப்பில்தான் 1999இல் வசந்தகால வேட்டையை நிறுத்தினார்கள். 2014இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 2021இல் நிரந்தரமாகத் திறந்தார்கள். இடையில், வேட்டை இல்லாததால்தான் கரடித்தொல்லை என்று ஒரு பெரிய அரசியல். மாகாணத்து ஆய்வாளர்கள் பல வருசக் கணக்கை எடுத்துப் பார்த்து, தொல்லை கூடுவதும் குறைவதும் வேட்டையோடு அல்ல, காட்டில் சாப்பாடு இருப்பதோடுதான் சம்பந்தப்பட்டது என்று எழுதினார்கள். கிழவர் அதை வாசித்தவரல்ல. ஆனால் இதைத்தான் சொல்வார். நான் ஒரு கரடியைச் சுட்டதால் எங்கள் தெருக் குப்பைவாளி எதுவும் பிழைக்கவில்லை. இறைச்சிக்காகச் சுட்டேன்.

கிழவர் தீனி வைக்காததற்குக் காரணம் ருசி. டோனற் தின்ற கரடியில் டோனற் எண்ணெய் மணக்கும் என்பார்.

பழம் பொய்த்த அந்த வருசம் ஓக் பொய்க்கவில்லை. அதைக் கண்டுபிடித்ததுதான் அந்த வேட்டையின் பெரும்பகுதி. ஓகஸ்ட் மாதச் சனி ஞாயிறுகளில் நகரத்துக்கு வடக்கே பொதுக்காட்டுக் குன்றுகளில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு திரிந்தேன். புகைக்காலத்தில் எல்லாம் செத்தபோதும் முண்டி நின்ற செவ்வோக்குகள் அந்தக் குன்றுகளின் தென்சரிவுகளில் உண்டு, குட்டையாக, முறுகி. ஒரு சரிவில் கொட்டை நிறையக் காய்த்திருந்தது. கொஞ்ச நாளில் அதே மரங்களின் உச்சிக் கொப்புகள் உள்பக்கமாக முறிக்கப்பட்டு, இலை வாடிக் கொத்தாகத் தொங்கின. கரடி கொப்பில் இருந்தபடி கிளைகளைத் தன்னிடம் இழுத்து முறித்துத் தின்ற அடையாளம் அது. அடியில் எச்சம், அதில் கொட்டைக்கோதும் கொஞ்சம் பழத்தோலும். முறிந்த கொப்பைப் பார்த்தபோது ஐயாவின் குரல் காதில் கேட்டது என்று எழுதினால் அழகாக இருக்கும். கேட்கவில்லை. பின்னேரக் காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்பதே என் கவலையாக இருந்தது.

செப்டம்பர் தொடக்கத்தில், தொழிலாளர் தின நீண்ட வார இறுதிக்கு, மனைவியின் தம்பி ஸ்காபுறோவில் இருந்து வந்தான். நானூறு கிலோமீற்றர். வரும்போது எங்களுக்கு ஒரு மாதத்துக்கான கருவாடும் ஒடியல்மாவும் கொண்டுவருவது அவன் வழக்கம். அவனிடம் உரிமம் இல்லை, துவக்கைத் தொடமுடியாது; வேடிக்கை பார்க்கவும் சுமை தூக்கவும் வந்தான். இரண்டு பேரும் செம்மஞ்சள் மேலாடையும் தொப்பியும் போட்டுக்கொண்டோம். நிலத்தில் இருந்து கரடி வேட்டையாடுகிறவன் அதைப் போடவேண்டும் என்பது சட்டம்.

"அத்தான், இவ்வளவு பளிச்செண்டு இருந்தா கரடிக்குத் தெரியாதோ?"

"தெரியும். அசையாட்டி யோசிக்காது. மணம் போனாத்தான் பிரச்சினை."

"நான் காலமை பெர்பியூம் அடிச்சிட்டன்."

அவனை அன்றைக்கு வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். காற்று எங்கள் பக்கமாக நிலையாக வீசியதால் கூட்டிக்கொண்டு போனேன். ஓக் சரிவுக்கு எதிரே, இடையில் ஒரு சிறு பள்ளம் விட்டு, ஒரு பாறைத்திட்டு. அதில் முதுகைச் சாய்த்து, காலை மடித்து, துவக்கை முழங்காலில் தாங்கலாம். சரிவு அறுபது மீற்றருக்குள்.

முதல் பின்னேரம் ஒரு பெண்கரடி இரண்டு குட்டிகளோடு வந்தது. குட்டிகள் முதலில் வரவில்லை. தாய் தனியே வந்து வெகுநேரம் தின்றது. கறுப்பு, கொழுத்தது. சுடுவதென்றால் சுட்டிருக்கலாம், அவ்வளவு தோதாக நின்றது. பிறகுதான் பேர்ச் மரங்களுக்குள் இருந்து குட்டிகள் உருண்டு வந்தன. தம்பி மூச்சே விடாமல் இருந்தான். அவன் அன்று பேசிய கடைசி வார்த்தை "காணும், வாங்கோ போவம்" என்பது, இருட்டிய பிறகு.

கருங்கரடிப் பெண் இந்தப் பக்கத்தில் முதற் குட்டி போடவே ஆறேழு வயதாகும். பிறகும் இரண்டு வருசத்துக்கு ஒருக்கால்தான். மான் மாதிரி வருசாவருசம் பெருகுகிற சாதி இல்லை அது. கரடியைக் கண்டதும் கொஞ்ச நேரம் சும்மா இருந்து பார் என்று கிழவர் சொல்வது இதற்காகத்தான். தனியே வருவது எப்போதும் தனியே இல்லை.

அடுத்த நாள் பின்னேரம் ஆறரைக்கு வேறொரு கரடி வந்தது. சத்தம் கேட்கவில்லை. மரத்தடி நிழலில் சற்றுமுன் இல்லாத ஒரு கறுப்பு இருந்தது, அவ்வளவுதான். பெரிய கரடியின் காது சிறிதாகத் தெரியும். தலை வளர்ந்துகொண்டே போக, காதுகள் பக்கவாட்டுக்கு ஒதுங்கிவிடும். சின்னக் கரடிக்குக் காதுதான் முதலில் கண்ணில் படும். இதற்கு இரண்டு காதுக்கும் நடுவே அகலமான நெற்றி. நடை ஆடி ஆடி, தோள் அசைந்து, அவசரமில்லாமல் வந்தது. ஆண் என்று நினைத்தேன். ஆனாலும் பேர்ச் மரங்களின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. இதற்குள் கரடி கீழே குந்திவிட்டது. பின்னங்காலை நீட்டி இருந்துகொண்டு, முன்கையால் சருகை அரித்து அரித்து, விழுந்த கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கடித்தது. கொட்டை உடைகிற சத்தம் பள்ளத்தைத் தாண்டி எங்களுக்குக் கேட்டது. குந்தியிருக்கிற கரடியைச் சுடக்கூடாது. மயிரும் மடிப்புமாக எது எங்கே இருக்கிறது என்று தெரியாது.

கரடியின் உருவம் கண்ணை ஏமாற்றும். வயிற்றுக்குக் கீழே நீளமாக மயிர் தொங்குவதால், பார்க்கிற உடம்பின் அடிக்கோடு உண்மையான உடம்பின் அடிக்கோடு அல்ல. தாழ வைத்தால் வெடி மயிருக்குள்ளால் போய்விடும். முன்கால் முன்னுக்குப் போகும் தருணம் பார்த்து, அதற்குச் சற்றுப் பின்னால், உயரத்தில் நடுவே வைக்கவேண்டும். அங்கே இரண்டு சுவாசப்பைகளும் இருக்கின்றன. தலையைக் குறிவைப்பது சினிமாக்காரர் வேலை.

அது எழும்பியது. அடுத்த மரத்தடிக்கு நடந்தது. பக்கவாட்டாக நின்று, கிட்டிய முன்காலை எடுத்து வைத்தது. பெருவிரலால் பாதுகாப்புத் தடையை முன்னுக்குத் தள்ளினேன். வளையத்துக்குள் முள், முள்ளின் நுனியில் கறுப்பு. அந்த நேரத்தில் நெஞ்சு படபடத்ததா என்று பிறகு தம்பி கேட்டான். படபடத்தது அதற்கு முன், அது குந்தியிருந்தபோது. விசையை இழுக்கும்போது நான் வேறு எதையும் நினைக்கவில்லை.

தோளில் இடி. பூட்டை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு நிமிர்ந்தபோது கரடி தன் விலாவைத் திரும்பிக் கடிக்கப் பார்த்து, சரிவுக்குக் குறுக்காக ஓடிப் பற்றைக்குள் மறைந்தது. தடி முறிகிற சத்தம். பிறகு சத்தம் நின்றது. பிறகு ஒரு நீண்ட முனகல் வந்தது. கிழவர் முன்னமே சொல்லியிருந்தார்: எல்லாக் கரடியும் இதைச் செய்யாது, செய்தால் முடிந்தது என்று அர்த்தம், ஆனால் கேட்க நல்லாயிராது. நல்லாயிருக்கவில்லை. அது விலங்கின் குரலாக இருந்திருந்தால் பரவாயில்லை. தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அடுத்த அரை மணித்தியாலம் இருவரும் ஒன்றும் பேசாமல் அப்படியே இருந்தோம். உடனே போகக்கூடாது, உயிர் மிச்சமிருந்தால் கலைந்து எழும்பும், எங்கள் மேலும் வரும்.

அஸ்தமனத்துக்குப் பின் அரை மணித்தியாலத்தோடு வேட்டைநேரம் முடிகிறது. அதற்குப் பிறகு துவக்கில் தோட்டா இருக்கக்கூடாது, உறைக்குள் போய்விடவேண்டும். காயப்பட்ட கரடியை வெறுங்கையோடு தேடுகிற நிலை வரக்கூடாது என்பதற்காகவே ஏழு மணிக்குப் பிறகு சுடுவதில்லை என்று வைத்திருந்தேன். ஆகவே வெளிச்சம் இருந்தது. ஆனால் இரத்தம் இல்லை. தடித்த கொழுப்பும் மயிரும் காயத்தை அடைத்துவிடுவதால் கரடிக்கு இரத்தச்சுவடு குறைவு. ஓர் இலையில் ஒரு துளி. பிறகு புரண்ட சருகு. பிறகு முறிந்த ஹேசல் கொப்பு. நாற்பது மீற்றர் தள்ளி, விழுந்த ஒரு மரத்தின் மறுபக்கத்தில், முகம் கீழ்நோக்கிக் கிடந்தது. நீண்ட தடியால் கண்ணைத் தொட்டுப் பார்த்தேன். இமைக்கவில்லை. ஆண்தான்.

முதல் வேலை கத்தியை உடம்பில் வைப்பதல்ல. அனுமதிச்சீட்டை எடுத்து மாதத்தையும் தேதியையும் நேரத்தையும் அந்தந்த இடத்தில் வெட்டிவிடவேண்டும்; அதற்கு முன் கரடியை அசைக்கவும் கூடாது. கை நடுக்கத்தில் கடதாசி கிழியாமல் வெட்டுவது சுடுவதைவிடச் சிரமமாக இருந்தது.

பிறகு தொடங்கியது உண்மையான வேலை. செப்டம்பர் தொடக்கம் இன்னும் சூடு. கரடியின் கம்பளியும் கொழுப்பும் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாது. இறைச்சி இரண்டு மூன்று மணித்தியாலத்தில் பழுதாகத் தொடங்கும். தின்னக்கூடிய இறைச்சியைக் கெடவிடுவது சட்டப்படி குற்றம், அது வேறு. வயிற்றைத் திறந்து உள்ளேயிருப்பதை எடுத்தோம். இரைப்பை நிறைய அரைபட்ட ஓக் கொட்டை. அந்த மணம் மோசமானதல்ல, ஈரமாவின் மணம். பித்தப்பையை நான் தனியே எடுக்கவில்லை. அதைக் கேட்டு ரொறன்ரோவில் இருந்து அறிமுகமானவர் ஒருவர் முன்னமே தொலைபேசி எடுத்திருந்தார். கரடியில் இருந்து பிரித்தெடுத்த பித்தப்பையை ஒன்ராறியோவில் கையில் வைத்திருப்பதே குற்றம். அதிலிருக்கும் மருந்துச்சரக்கை எப்போதோ ஆய்வுகூடத்தில் செய்யக் கற்றுவிட்டார்கள். கல்லீரல் நோய்க்கு எந்த மருந்துக்கடையிலும் குளிசையாக வாங்கலாம். ஆனாலும் கரடிக்கு அந்தப் பையால் உலகமெங்கும் கேடு.

பிள்ளைகள் பனியில் சறுக்கும் பிளாஸ்ரிக் தட்டில் ஏற்றி, இரண்டு பேரும் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தோம். தட்டையான இடத்தில் ஒன்றுமில்லை. பாறை ஏற்றத்தில் பத்தடிக்கு ஒருக்கால் இருந்து மூச்செடுத்தோம்.

"அத்தான், கடையில கோழி என்ன விலை இப்ப?"

"பேசாமல் இழு."

கிழவர் கராஜ் விளக்குகளைப் போட்டுவிட்டு, ஐஸ் மூட்டைகளோடு காத்திருந்தார். கரடியைப் பார்த்ததும் வாழ்த்தவில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், முதுகுத்தோலை ஓரிடத்தில் கீறி விரலை விட்டுக் கொழுப்பை அளந்தார். இரண்டு விரல். பழமில்லாத வருசத்துக்கு இது நல்ல கரடி என்றார். பிறகு கத்தி தீட்டினார்.

தோலுரித்துத் தொங்கவிட்ட கரடி மனித உடம்பாகத் தெரியும் என்று வேட்டைக்காரர் சொல்வார்கள். உண்மை; தோளும் கையும் முதுகும் அப்படித்தான். இதை எண்ணி நான் முன்கூட்டியே பயந்திருந்தேன். நாங்கள் விட்டுவந்த காலத்தில் பார்த்தவை எல்லாம் அந்தக் கராஜில் கிளம்பி வருமோ என்று. வரவில்லை. ஐயா பன்றி பங்குபோடும் இரவுகள்தான் வந்தன. வாழையிலை விரித்து, வீட்டுக்கு வீடு கூறு வைத்து, ஈரலை யாருக்கு என்று சண்டைபிடித்த இரவுகள். தம்பிதான் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தான். அவன் பிறந்து வளர்ந்த காலம் வேறு. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

நள்ளிரவு தாண்டி இறைச்சி முழுக்கக் குளிரூட்டியில் ஏறியது. கொழுப்பை இறைச்சியில் ஒட்டவிடாமல் வழித்தெடுப்பதில் கிழவர் கண்டிப்பு. அது உறைநிலையிலும் காறிப்போய் இறைச்சியைக் கெடுக்குமாம். வழித்த கொழுப்பை அடுத்த நாள் மெல்லிய நெருப்பில் உருக்கி வடிகட்டினோம். ஆறியபின் வெள்ளைவெளேரென்று உறைந்தது. அதில் ஒரு போத்தலைத் தன் தோல்சப்பாத்துகளுக்கு எடுத்துக்கொண்டார். மிச்சத்தில் மாப் பிசைந்து, கரடி இறைச்சியும் கிராம்பும் வைத்து, தங்கள் வீட்டுக் கிறிஸ்மஸ் இறைச்சிப் பை ஒன்றைச் செப்டம்பரிலேயே சுட்டார்.

சமையலில் ஒரே ஒரு பயம் உண்டு. கரடித்தசையில் டிரிக்கினெல்லா என்ற புழு இருக்கலாம். வடக்கத்திக் கரடிகளில் இருக்கும் வகை உறையவைத்தாலும் சாகாது. உள்ளுக்குள் 74 பாகை செல்சியஸ் வரும்வரை வேகவேண்டும். சிவப்பாக விட்டுத் தின்கிற இறைச்சி அல்ல. வெள்ளைக்காரச் சமையலுக்கு இது இடைஞ்சல். எங்களுக்கு என்ன? வறுத்துத் திரித்த யாழ்ப்பாணத் தூள், பெருஞ்சீரகம், ரம்பை, இரண்டரை மணித்தியாலம் அடுப்பில். புழு மட்டுமல்ல, அதன் பரம்பரையே இருக்காது. இறைச்சி கடுஞ்சிவப்பு, மாட்டைவிட இழை தடித்தது, ஒரு மெல்லிய இனிப்பு. கிழவர் மூன்றாம் தரமும் போட்டுக்கொண்டார். கண்ணில் நீர் வழிய வழிய, "ஓக் கொட்டை, சொன்னேன்தானே" என்றார்.

வேட்டை அறிக்கையை இணையத்தில் நிரப்பி அனுப்பினேன். ஒன்றும் கிடைக்காதவனும் அனுப்பவேண்டும். எந்த வட்டாரம், எத்தனை நாள், ஆணா பெண்ணா. கரடி என்ன தின்றது என்ற கேள்வி இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டது மாமி. தம்பி ஒரு பெட்டி நிறைய உறைந்த இறைச்சியோடு ஸ்காபுறோ போய்ச் சேர்ந்த அன்றிரவு தொலைபேசி எடுத்தார்.

"மருமோன், இது என்ன திண்ட கரடி?"

"கொட்டையும் பழமும் மாமி. குப்பை திண்டதில்லை."

"அப்ப சைவக் கரடி எண்டு சொல்லுங்கோ."

"ஓம், எறும்பைக் கணக்கில எடுக்காட்டி."

வெள்ளிக்கிழமை விரதக்காரர், மற்ற நாளில் ஆட்டிறைச்சிக்குக் குறை சொல்லாதவர். ஆனாலும் கரடியை வாயில் வைக்கமாட்டேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். அவருக்கு வேண்டியது வேறு. மூத்த பேரன் இரவில் திடுக்கிட்டு எழும்பி அழுகிறானாம். ஒரு பிடி மயிர் அனுப்பினால் தாயத்துக்குள் வைத்துக் கட்டலாம், ஊரில் என்றால் கரடிக்காரனிடம் காசு கொடுத்து வாங்கவேண்டும், அதுவும் எது கரடி மயிர் எது ஆட்டு மயிர் என்று தெரியாது என்றார். தோல் இன்னும் கிழவரின் கராஜில் உப்புப் போட்டுக் கிடந்தது. முதுகுப் பக்கத்தில் இருந்து கொஞ்சம் கத்தரித்து, கடித உறைக்குள் வைத்துத் தபாலில் சேர்த்தேன்.